போஸ்ட்மாஸ்டர் திருப்பி அனுப்பியவை

முதலில் கடைசி வரி. பிறகு அதற்கு மேல் வரி. பிறகு அதற்கும் மேல். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆள்காட்டி விரல் நகத்தைத் திரையில் ஊன்றி, அவர் மெயிலை அடியிலிருந்து தலைவரை படித்துக்கொண்டு போகிறார். என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் பார்க்கவே இல்லை. எழுத்துக்கு மேலே, சாதாரணமாக யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கும் நாற்பது வரிகள்தான் அவருக்கு வேண்டும். பக்கத்தில் நிற்கும் கொள்முதல் பிரிவுப் பெண்ணுக்குப் பொறுமை போய்விடுகிறது.

"முதலாளியேதான் அனுப்பியிருக்கார் மேடம். மேலே பேரு போட்டிருக்கே."

"பேரு எவன் வேணா போடலாம்மா. நீ கீழேயிருந்து வா."

கீழேயிருந்து வந்தால், எல்லாருடைய பாஸ்வேர்டையும் உடனே அனுப்பச் சொல்லும் அந்த மெயில், மாடியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கும் முதலாளியிடமிருந்து வரவில்லை. எங்கோ யாரோ வாடகைக்கு எடுத்த ஒரு கம்ப்யூட்டரிலிருந்து, மூன்று கை மாறி வந்திருக்கிறது. "பாத்தியா, புறப்பட்ட இடத்துல ஒரு பேரு, வந்து சேர்ந்த இடத்துல ஒரு பேரு" என்று அதை அழிக்கிறார். அழித்த பிறகும் முகத்தில் ஒரு திருப்தி. காலையில் நல்லபடியாகப் பல் துலக்கியவர் முகத்தில் இருக்குமே, அந்த மாதிரி.

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் நிறுவனம் அது. தொழிற்சாலையும் அலுவலகமுமாக அறுநூற்று நாற்பது மெயில் முகவரிகள். அத்தனைக்கும் உள்ளே வரும் வாசல் ஒன்று, அந்த வாசலுக்குக் காவல் இவர். எந்த மெயில் சர்வராக இருந்தாலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்று ஒரு முகவரி இருந்தாக வேண்டும் என்பது உலக விதி. புகார் சொல்ல யாராவது வேண்டுமல்லவா? அந்த முகவரிக்கு வருவதெல்லாம் இவருக்கு வரும். அதனால் அலுவலகத்தில் இவருக்கு அதுவே பெயராகிவிட்டது. சம்பளப் பட்டியலில் என்ன பெயர் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

சர்வர் அறை ஸ்டோருக்குப் பக்கத்தில். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர் நடுக்கும். பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, காது மூடித் துண்டு கட்டிக்கொண்டு அவர் வெளியே வரும்போது, கட்டிலுக்கு வெல்டு வைக்கும் ஆட்கள் வேர்வை வழிய நின்று, "என்ன போஸ்ட்மாஸ்டர், பனி ஜாஸ்தியா?" என்பார்கள். "வந்து நின்னு பாருங்க, தெரியும்" என்பார். யாரும் வந்து நிற்பதில்லை.

ஒளிந்திருக்கும் அந்த வரிகளுக்கு ஹெட்டர் என்று பெயர். அதைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், உட்காரவைத்து விடுவார். கூரியர் பொட்டலம் ஒவ்வொரு கிளைக்குப் போகும்போதும் அந்தந்தக் கிளை தன் சீட்டைப் பழைய சீட்டின் மேல் ஒட்டும் இல்லையா? மெயிலும் அப்படித்தான். கடந்து வந்த ஒவ்வொரு இயந்திரமும் 'இன்னாரிடமிருந்து, இத்தனை மணிக்கு வாங்கிக்கொண்டேன்' என்று தன் வரியை உச்சியில் ஒட்டிவிட்டுப் போகும். அதனால் புறப்பட்ட இடம் அடியில் இருக்கும். அனுப்புநர் என்று அழகாகத் தெரிகிற வரி வெறும் எழுத்து. அதை நம்புகிறவர்களை அவருக்குப் பார்த்தாலே பாவமாக இருக்கும்.

இதைப் புரியவைக்க ஒருமுறை பயிற்சி வகுப்பு நடத்தினார். முந்தின நாளே விற்பனை மேலாளருக்கு முதலாளி பெயரில் ஒரு பாராட்டு மெயில் அனுப்பிவைத்து, மறுநாள் வகுப்பில் அதைத் திரையில் போட்டு, "இது நான் அனுப்பினது" என்றார். நல்ல உதாரணம்தான். ஆனால் அதற்குள் மேலாளர் அதை வீட்டில் படித்துக்காட்டி, மாமனாருக்கும் போனில் படித்துக்காட்டியிருந்தார். ஒரு மாதம் அந்த மனிதர் இவர் முகத்தில் விழிக்கவில்லை. "பாடம் மனசுல நின்னுடுச்சுல்ல?" என்பதுதான் போஸ்ட்மாஸ்டரின் கேள்வி. அது நிஜமாகவே கேள்விதான், குத்தல் இல்லை. அவருக்கு விளங்காத விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. கடுங்காய்ச்சல், படுத்த படுக்கை என்று விடுப்பு மெயில் அனுப்பிய பெயின்ட் பிரிவுக்காரர், அதை ஒரு கடற்கரை ஓட்டலின் இணைப்பிலிருந்து அனுப்பியிருந்தார். அடிவரியில் ஓட்டல் பெயர் பட்டையாக இருந்தது. இவர் மூச்சு விடவில்லை. திரும்பி வந்தவரிடம், "கடல் காத்துக்குக் காய்ச்சல் சீக்கிரம் விட்டுடும்ல?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் இன்றுவரை இவரைக் கண்டால் வணக்கம் வைத்துவிட்டுத்தான் நடக்கிறார்.

வீட்டிலும் இதே கதை. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருமுனையில் கேட்ட சேதியை அவர் சொல்ல ஆரம்பித்தால், "உங்களுக்கு யார் சொன்னா? அவங்களுக்கு யார் சொன்னா?" என்று இவர் அடிவரை போய்விடுவார். மூன்றாவது ஆளுக்குமேல் கணவருக்குத் தெரியாது. "அப்போ இது சேதி இல்லைங்க, குப்பை" என்று தீர்ப்பு வந்துவிடும். சர்வர் ஒரு மெயிலைத் தள்ளிவிடும்போது எண் சொல்லித்தான் தள்ளும். நானூற்றைம்பது என்றால் அப்புறம் வா. ஐந்நூற்றைம்பது என்றால் போ, வராதே. இந்த எண்களைக் கணவர் வீட்டு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார். "இன்னொரு காபி கிடைக்குமா, நானூத்தம்பதா?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்பார். "ஐநூத்தம்பது" என்று உள்ளேயிருந்து பதில் வரும். காபியும் வரும், கொஞ்சம் பொறுத்து.

காலையில் அலுவலகம் வந்ததும் முதல் வேலை லாக் பார்ப்பது. முந்தின நாள் வாசலுக்கு வந்தவர்கள் யார், உள்ளே விட்டது யாரை என்று சர்வர் எழுதிவைக்கும் குறிப்புதான் லாக். உள்ளே வந்தவற்றை ஒவ்வொரு வரியாகப் படிப்பார். தள்ளிவிட்டவற்றை எண்ணுவார், அவ்வளவுதான். "நேத்து நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு பேர் வாசலோட போயாச்சு" என்று, எதிர்ப்பட்டவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். யார் அந்த நாலாயிரத்துச் சொச்சம் பேர் என்று பார்க்கமாட்டார். எதற்குப் பார்க்க வேண்டும்? விதி அவருடையது, தவறாது.

விதியில் அவர் ரொம்பக் கறார். வருகிற இயந்திரம் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அது எந்த எண்ணிலிருந்து பேசுகிறதோ, அந்த எண்ணை இணையப் பதிவேட்டில் தேடினால் அதே பெயர் வர வேண்டும். வராவிட்டால் நேரே ஐந்நூற்றைம்பது. கடிதத்தைக் கையில் வாங்கக்கூட வாங்காது, உறையைப் பார்த்ததுமே திருப்பிவிடும். முதலாளியின் மருமகன் கம்பெனிக்கே ஒருமுறை அந்தக் கதி ஆயிற்று. முதலாளியே இறங்கி வந்து, "அவருக்கு மட்டும் ஒரு வழி பண்ணக் கூடாதாம்மா?" என்றார். "ஒருத்தருக்குப் பண்ணினா ஓட்டை சார். அவரைச் சரிபண்ணச் சொல்லுங்க." முதலாளி மாடி ஏறிவிட்டார். போதாக்குறைக்கு, தள்ளிவிடும்போது சர்வர் சொல்ல ஒரு வாசகம் வேறு அவரே எழுதிவைத்திருந்தார். இயந்திரத்துக்கு ஆங்கில எழுத்துதான் தோதுப்படும் என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ். 'முறையாக வராத யாருக்கும் இந்தக் கதவு திறக்காது. இப்படிக்கு, போஸ்ட்மாஸ்டர்.' எழுதி முடித்த அன்று கணவருக்குப் படித்துக்காட்டினார். "போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு" என்றார் கணவர். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தம்பி. பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில், தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை. அக்காவைப் பார்த்து அவனுக்கும் இந்தப் பைத்தியம் கொஞ்சம் பிடித்தது. பத்து வருடத்துக்கு முன்னால் கடையின் பழைய கம்ப்யூட்டரில் அவனுக்கென்று ஒரு சின்ன மெயில் சர்வரை இவரே போய் அமைத்துக்கொடுத்தார். இரண்டு நாள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஹெட்டர் படிக்கவும் கற்றுக்கொடுத்தார். அக்காவும் தம்பியும் போனில் பேசுவது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எழுதுவான், திங்கட்கிழமை இவர் பதில் எழுதுவார். இவருக்கு இருக்கும் ஒரே முகவரி அலுவலக முகவரிதான். வேறு எந்தச் சர்வரையும் அவர் நம்பத் தயாராக இல்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் தம்பி ஒரு காரியம் செய்தான். கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினால் காது போய்விடும், ஏதோ பெரிய ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிட்டது என்று யாரோ அனுப்பிய மெயிலை, நல்ல மனசோடு, சொந்தபந்தம் நாற்பத்து மூன்று பேருக்கும் அனுப்பிவைத்தான். யார்தான் செய்யவில்லை? போஸ்ட்மாஸ்டர் அதை அடிவரை பிரித்துப் போட்டுவிட்டு, அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் பதில் எழுதினார். 'இது எந்த ஆய்வுக்கூடமும் சொன்னதில்லை. ஒரு மெத்தைக் கடையில் புறப்பட்டு, ஒன்பது பேர் கை மாறி என் தம்பியிடம் வந்திருக்கிறது. அவன் பார்க்காமல் அனுப்பிவிட்டான். ஹெட்டர் படிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.'

நாற்பத்து மூன்று பேரில் தம்பியின் மாமனாரும் ஒருவர்.

அந்த ஞாயிறு தம்பியிடமிருந்து மெயில் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. "நான் சொன்னதுல ஒரு வரி தப்புன்னு காட்டச் சொல்லுங்க" என்றார் இவர் கணவரிடம். "தப்புன்னு யாரும் சொல்லலையே. கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டு அவன்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்" என்றார் கணவர். வாசல் விதியை நானூற்றைம்பதிலிருந்து ஐந்நூற்றைம்பதாக இறுக்கியதும் அந்த வாரம்தான். போலி மெயில்கள் பெருகிவிட்டன, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பார். நாம் நம்பியாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

மாதங்கள் ஓடின. திங்கட்கிழமை காலைகளில் அவர் சற்று முன்னதாகவே அலுவலகம் வந்தார். உள்ளே வந்தவை பட்டியலைப் பார்ப்பார், ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொள்வார், வேலையைப் பார்ப்பார். "நான் வேணா மச்சானுக்கு ஒரு போன் போடட்டுமா?" என்று கணவர் இரண்டு தடவை கேட்டார். "வேண்டாம். அவன் எழுதட்டும். எழுதினா அடுத்த நிமிஷம் பதில் போடுவேன்." சொல்லும்போது குரல் கறாராகத்தான் இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். கூடப் பிறந்தது அந்த ஒருவன்தான்.

போன செவ்வாய்க்கிழமை விற்பனை மேலாளர் சர்வர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஒரு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஞாயித்துக்கிழமை காலைல மெயில் போட்டிருக்காங்க. கதவு திறக்காதுன்னு உங்க சர்வர் திருப்பி விட்டுருக்கு. எண்பது கட்டில் மேடம். காவல் காக்கறீங்க, சரி. வர்றவங்களையுமா விரட்டுவீங்க?"

"அவங்க பதிவு தப்பா இருக்கும் சார்."

"பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தார். தள்ளிவிட்டவர்கள் பட்டியலை அவர் பெயர் பெயராகத் திறந்து பார்த்தது எத்தனையோ மாதத்தில் அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து எட்டுவரை. ஆஸ்பத்திரி இருந்தது, அவர்கள் பதிவு தப்பாகத்தான் இருந்தது. அதற்கு இரண்டு வரி மேலே, ஏழு பத்துக்கு, தம்பியின் கடைப் பெயர் இருந்தது. பெறுநர் என்ற இடத்தில் இவர் முகவரி. ஐந்நூற்றைம்பது. கதவு திறக்காது. இப்படிக்கு, போஸ்ட்மாஸ்டர்.

மேலாளர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "என்ன மேடம், கிடைச்சுதா?" இவர் நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டார். முந்தின ஞாயிறைத் திறந்தார். ஏழு பன்னிரண்டு. அதற்கு முந்தின ஞாயிறு. ஏழு எட்டு. ஒரு வாரம் விடாமல், பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் முப்பத்தொன்று. அந்தச் சண்டை நடந்த சமயத்திலேயே தம்பி கடைக்கு வேறு கம்பெனி இணைப்பு மாற்றியிருக்கிறான், புதிய எண்ணுக்குப் பதிவேட்டில் அவன் பெயர் ஏறவில்லை. பத்து நிமிட வேலை. அவர் கையால் அமைத்த சர்வரை அவர் கையால் எழுதிய விதி முப்பத்தொரு தடவை வாசலோடு அனுப்பியிருக்கிறது. தினம் காலையில் அவர் பெருமையாகச் சொன்ன எண்ணிக்கையில் அவனும் ஒருவன்.

"ஆஸ்பத்திரிக்காரங்களை நேர்ல போய்ப் பாருங்க சார். மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். போஸ்ட்மாஸ்டர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் அதுவரை கேட்டதில்லை.

கணவருக்குப் போன் போட்டார். "ஏங்க, அவன் எழுதியிருக்கான்."

"அப்பாடா. கிளட்ச், கிளட்சை மிதிங்கம்மா. அப்படி ஓரமா நிறுத்துங்க. என்ன எழுதியிருக்கான்?"

"தெரியாதுங்க. நான் உள்ளேயே விடல."

கணவர் கேலி செய்யவில்லை. "லீவு சொல்லிட்டுக் கிளம்பு. நான் பஸ் ஸ்டாண்டுல விடறேன்" என்றார்.

கிளம்புமுன் விதிகள் இருக்கும் கோப்பைத் திறந்தார். ஒரு வரி போதும், தம்பிக்கு மட்டும் வழி விடலாம். அவன் முகவரியை முழுதாக அடித்தும்விட்டார். பிறகு அழித்தார். விதிக்காக இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, அவன் முப்பத்திரண்டாவது தடவையும் வரட்டும் என்று இங்கே உட்கார்ந்திருப்பதா?

கடையில் தம்பி மனைவிதான் முதலில் பார்த்தது. "வாங்க அண்ணி" என்றவள், உள்ளே திரும்பி, "யாரு வந்திருக்கா பாருங்க" என்றாள். தம்பி ஒரு மெஷினின் அடிவயிற்றில் எண்ணெய்விட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே" என்றான்.

"இன்னிக்குத்தான்டா பார்த்தேன். இத்தனை நாளா எனக்குத் தெரியாது."

"தெரியாதாக்கும். ஒவ்வொண்ணும் 'கதவு திறக்காது'ன்னு உன் பேர்லதானே திரும்பி வந்துது. காலைல எந்திரிச்சா லாக் படிக்கிறவ நீ. வாராவாரம் நான் வாசல்ல நிக்கறதைப் பார்த்துக்கிட்டேதானே இருந்தே?"

"உள்ளே வந்ததைத்தான் படிப்பேன். திருப்பி விட்டதை எண்ணுவேன். படிக்கமாட்டேன்."

"எண்ணுவியா?"

"எண்ணுவேன்."

தம்பி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். "அவர்கிட்ட நான் அப்பவே சொன்னேன் அண்ணி, போன் போட்டுக் கேளுங்கன்னு" என்றாள் மனைவி. "கேக்கலை. அவளுக்குத் தெரியும், வேணும்னேதான் வெளியே நிறுத்தி வெச்சிருக்கா, அப்படீன்னார்."

"என்மேல தப்புடா" என்றார் போஸ்ட்மாஸ்டர். "இதுவும் தப்பு. அன்னிக்கு எல்லாருக்கும் எழுதினதும் தப்பு. உன் மாமனார் முன்னாடி உன்னை அப்படி நிக்கவெச்சிருக்கக் கூடாது."

தம்பி எதையும் ஏற்றுக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து, அனுப்பியவை என்ற பெட்டியைத் திறந்துவிட்டு நகர்ந்தான். "எல்லாம் இருக்கு. படிச்சுக்கோ. ஏதோ அடிவரைக்கும் படிப்பியாமே."

பட்டியலில் தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. பழையது அடியில். 'நீ செய்தது தப்பு.' அடுத்த வாரம், 'மறுபடியும் சொல்கிறேன், நீ செய்தது தப்பு.' அப்புறம் 'பதில் போடாவிட்டால் போ.' அப்புறம் 'கடைக்குப் புது இணைப்பு போட்டதிலிருந்தே ஏதோ சரியில்லை, என்னவென்று பாரேன்.' 'பாப்பா நடக்கிறாள்.' 'இன்னும் கோபமா?' 'வலது கண் மங்கலாக இருக்கிறது.' 'டாக்டர் ஆபரேஷன் என்கிறார்.' 'நாளைக்கு ஆபரேஷன்.' அதற்கடுத்த வாரம், 'கட்டுப் பிரித்தாயிற்று.' கடைசியாகப் போன ஞாயிறு, 'ஒன்றுமில்லை, சும்மாதான்.'

ஊசிக் காதையும் நூல் இழையையும் நாள் முழுக்கப் பார்த்துப் பிழைக்கிறவன்.

"ஒவ்வொண்ணா திறந்து படி" என்றான் தம்பி, முதுகைக் காட்டிக்கொண்டு. "தேதி, மணி எல்லாம் சரியா இருக்கும்."

அவர் ஒன்றையும் திறக்கவில்லை. திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். தம்பியின் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் அவன் வலது கண் இமையை மெதுவாகத் தூக்கி, வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார்.